நிலாக் கோப்பில் ஒரு நிபந்தனை

மந்தைவெளியில் குடியிருக்கிறேன். தி. நகரில், ரத்தப் பரிசோதனை நிலையங்களுக்கு பில் போடும் மென்பொருள் செய்கிற ஒரு சிறிய நிறுவனத்தில் வேலை. அது சம்பளத்துக்கு. சம்பளமில்லாமல் செய்கிற வேலை ஒன்றும் உண்டு. கணினித் திரையின் ஓரத்தில் தமிழ்த் தேதி, சூரிய உதயம், நிலா எழும் நேரம், அமாவாசை, பௌர்ணமி, அன்றைய நட்சத்திரம் எல்லாவற்றையும் காட்டும் ஒரு காலண்டர் நிரல். பல வருடங்களுக்கு முன் எனக்காக எழுத ஆரம்பித்தேன். கிருத்திகை என்றைக்கு என்று என் அம்மா மாதாமாதம் போன் செய்து கேட்பார், அதற்காக. பிறகு யார் யாரோ எடுத்துப் பயன்படுத்தத் தொடங்கினார்கள்.

அது கட்டற்ற மென்பொருள். யாரும் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே எப்படி எழுதியிருக்கிறது என்று பார்க்கலாம், மாற்றலாம், மாற்றியதை அடுத்தவருக்குக் கொடுக்கலாம். என்னோடு சேர்ந்து இதைக் கவனித்துக்கொள்பவர் ஒரே ஒருவர்தான். கோடம்பாக்கத்தில் ஒரு டப்பிங் ஸ்டுடியோவின் கணினிகளைப் பராமரிப்பவர். என்னைவிட நாலைந்து வயது சிறியவர், என்னை அக்கா என்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் போனிலோ, அவருடைய ஸ்டுடியோவுக்கு எதிரே உள்ள டீக்கடையிலோ பேசிக்கொள்வோம்.

கணினியையே இயக்கும் அடிப்படை மென்பொருளை இயங்குதளம் என்பார்கள். அப்படிக் கட்டற்ற இயங்குதளம் ஒன்றில் எங்கள் காலண்டரைச் சேர்த்துக்கொள்ள அதை நடத்துபவர்கள் முன்வந்தார்கள். சேர்ந்துவிட்டால், அந்த இயங்குதளத்தை நிறுவியிருக்கும் யாரும் தேடி அலையாமல் எங்கள் நிரலைப் பெற்றுக்கொள்ளலாம். எனக்கு அதில் சந்தோஷம்தான். சேர்ப்பதற்கு முன், அங்குள்ள தன்னார்வலர் ஒருவர் ஒவ்வொரு கோப்பையும் திறந்து பார்ப்பார். நிரல் சரியாக ஓடுகிறதா என்பது அவர் கவலை அல்ல. ஒவ்வொரு கோப்பின் தலையிலும் நாலைந்து வரிகள் இருக்கும். இதை எழுதியவர் யார், எந்த நிபந்தனைகளின் பேரில் மற்றவர்கள் பயன்படுத்தலாம் என்று சொல்லும் வரிகள். உரிமம் என்பது அதுதான். அதைத்தான் அவர் படிப்பார்.

அவர் எழுதிய மின்னஞ்சல் சுருக்கமாக இருந்தது. நிலாவின் இடத்தைக் கணக்கிடும் கோப்பு எங்களுடையதல்ல, வேறு ஒருவருடையது என்று தெரிகிறது. அதன் தலைப்பில் இப்படி ஒரு வரி இருக்கிறது: இதை எவரும் எந்த வேலைக்கும் பயன்படுத்தலாம், ஜாதகம் கணிப்பதற்கும் திருமணப் பொருத்தம் பார்ப்பதற்கும் தவிர. இந்த நிபந்தனை இருக்கும்வரை எங்களால் உங்கள் நிரலைச் சேர்க்க முடியாது.

அந்தக் கோப்பை நான் எத்தனையோ முறை திறந்திருக்கிறேன். தலைப்பு வரிகளைத் தாண்டி நேராகக் கணக்குக்குப் போய்விடுவேன். பில் போடும் மென்பொருளிலும் எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் அப்படித்தான் செய்கிறோம். அந்தக் கோப்பை எங்கள் நிரலில் சேர்த்தவர் கோடம்பாக்கம் நண்பர். யாரோ ஒரு அம்மாவின் இணையப் பக்கத்திலிருந்து எடுத்ததாகச் சொன்னார். தலைப்பை அவரும் படிக்கவில்லை.

"இன்னாக்கா, இதுக்குப் போய் யோசிச்சிக்கினு கீற? அந்த ஒரு லைன தூக்கிட்டு அனுப்பிச்சிடு. எவன் படிக்கப் போறான்?" என்றார்.

"படிச்சிட்டாங்களே," என்றேன்.

அவர் சிரித்தார். பிறகு வேறு வழிகளைப் பார்த்தோம். நிலாக் கணக்கு நிரல்கள் இணையத்தில் வேறு சில கிடைக்கின்றன. ஒன்று எங்கள் காலண்டரைவிடப் பல மடங்கு பெரிதாக இருந்தது. இன்னொன்றின் உரிமம் இதைவிடச் சிக்கல். நானே புதிதாக எழுதலாம் என்றால், இத்தனை வருடம் அந்தக் கோப்புக்குள்ளேயே உழன்ற பிறகு நான் எழுதுவது அதன் நகலாகத்தான் வரும். எழுதியவரையே கேட்டுவிடுவது என்று முடிவு செய்தோம்.

கோப்பில் இருந்த மின்னஞ்சல் முகவரி இப்போது இல்லை. இணையப் பக்கமும் இல்லை. பெசன்ட் நகர் கடற்கரையில் தொலைநோக்கி வைத்து வானம் பார்க்கும் ஒரு குழுவில் அவர் முன்பு இருந்தார் என்பது மட்டும் நண்பருக்கு ஞாபகம் இருந்தது. அந்தக் குழுவில் ஒருவரைப் பிடித்தேன். அவர் அந்த அம்மாவிடம் கேட்டுவிட்டு எண்ணைக் கொடுத்தார்.

போனில் விஷயத்தைச் சொன்னேன். "அதை இன்னும் யாரு வெச்சிண்டிருக்கா?" என்று கேட்டார். நாங்கள் வைத்திருக்கிறோம் என்றேன். சனிக்கிழமை வரச் சொன்னார்.

அடையாறு காந்தி நகரில் முதல் மாடி வீடு. நான் போனபோது வாசலில் கிடந்த செருப்புகளைப் பிள்ளைகள் மாட்டிக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் டியூஷன். அந்த அம்மாவுக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும். கையில் மார்க்கர் மை. உட்காரச் சொல்லிவிட்டு, வெள்ளைப் பலகையில் இருந்ததை ஒரு முறை படித்துப் பார்த்து ஒரு குறியைத் திருத்திவிட்டுப் பிறகு அழித்தார்.

உரிமம் பற்றி நான் தயார் செய்துகொண்டு போயிருந்ததை முழுவதும் கேட்டார்.

"ஜோசியக்காராளுக்கும் சேத்துத்தான் குடுக்கணும்னு சட்டமா?"

"சட்டம் இல்ல மேடம். அவங்க வெச்சிருக்கற விதி. எல்லாருக்கும், எல்லா வேலைக்கும்னு இருந்தாத்தான் எடுத்துப்பாங்க. இன்ன வேலைக்குக் கூடாதுன்னு எழுதியிருந்தா எடுக்க மாட்டாங்க."

"கொலை பண்றவனுக்கும் குடுக்கலாமா?"

"அதுக்குத் தனியா சட்டம் இருக்குன்னு சொல்லுவாங்க."

"இதுக்கு இல்லையே," என்றார்.

இப்படிப்பட்ட சிக்கல்களில் வழக்கமாக ஒரு நடுவழி உண்டு. நிபந்தனையை வேண்டுகோளாக மாற்றி எழுதிவிடுவது. ஜாதகத்துக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன் என்று எழுதினால் அது யாரையும் கட்டுப்படுத்தாது. எனவே உரிமத்துக்குள் வராது. எழுதியவரின் மனம் என்ன என்பதும் கோப்பில் நிற்கும். அதை அவரிடம் சொன்னேன்.

"கேட்டுக்கறதா? எங்கப்பா எத்தனை பேரைக் கேட்டுண்டார் தெரியுமா?" என்றார்.

அதன் பிறகு அவராகவே சொன்னார். காப்பி போட்டுக்கொண்டே, சமையலறையிலிருந்து கொஞ்சமும் கூடத்திலிருந்து கொஞ்சமுமாகச் சொன்னார்.

அவர் பிறந்து வளர்ந்தது மயிலாப்பூர் குளத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் ஒன்றில். அப்பா கல்லூரியில் கணக்கு வாத்தியார். வீட்டில் பார்க்கும் பஞ்சாங்கத்தின்படி இவர் பிறந்தது மூலம் நட்சத்திரம். மூலம் முடிந்து பூராடம் தொடங்கக் கொஞ்ச நேரம்தான் பாக்கி இருந்தது. மூலத்தில் பிறந்த பெண் மாமனாருக்கு ஆகாது என்று சொல்வார்கள். நானும் கேள்விப்பட்டிருக்கிறேன். வந்த ஜாதகங்கள் எல்லாம் அந்த இடத்தில் நின்றன. சிலர் பெண்ணைப் பார்த்து, பஜ்ஜி சாப்பிட்டு, பாடச் சொல்லிக் கேட்டுவிட்டுப் பிறகு சொல்லி அனுப்பினார்கள்.

"கடைசில அப்பா, யாராத்துல மாமனார் ஏற்கெனவே போயிட்டார்னு விசாரிக்க ஆரம்பிச்சார். அந்த மாதிரி எடமாப் பாத்துண்டிருந்தார். நன்னாப் படிச்ச மனுஷன்."

அப்போது இவர் இயற்பியல் முதுகலை முடித்துவிட்டு ஒரு கல்லூரி ஆய்வகத்தில் இருந்தார். அங்கே கணினி இருந்தது. நிலா எந்த நேரத்தில் வானத்தில் எங்கே இருக்கும் என்று கணக்கிடுகிற நிரல் ஒன்றை எழுதினார். தான் பிறந்த நேரத்தைக் கொடுத்துப் பார்த்தார். பூராடம் தொடங்கிவிட்டதாக வந்தது. அச்செடுத்து அப்பாவிடம் கொடுத்தார். அப்பா கணக்கை வரி வரியாகச் சரிபார்த்தார், ஒப்புக்கொண்டார். அடுத்து வந்த பிள்ளை வீட்டில் அதைச் சொன்னபோது, தோஷத்தை மறைக்க ஜாதகத்தை மாற்றிவிட்டார்கள் என்று பேச்சு கிளம்பியது. அத்தோடு கல்யாணப் பேச்சை நிறுத்தச் சொல்லிவிட்டார் இவர். அப்பாவும் நிறுத்திவிட்டார்.

"கல்யாணம் ஆகலைங்கறதுல எனக்கு ஒரு கொறையும் இல்ல. அப்பா ஜாதகத்தைத் தூக்கிண்டு அலைஞ்ச அந்த நாலு வருஷம்தான்," என்றார்.

பின்னால் இணையம் வந்தபோது, வானம் பார்க்கிறவர்களுக்கு உதவுமே என்று அந்த நிரலைத் தன் பக்கத்தில் போட்டார். அப்போது எந்த நிபந்தனையும் போடவில்லையாம். சில வருடம் கழித்து ஒரு மின்னஞ்சல் வந்தது. ஜாதகப் பொருத்தம் பார்க்கும் இணையதளம் நடத்துகிற நிறுவனத்திடமிருந்து. உங்கள் நிரலைத்தான் பயன்படுத்துகிறோம், மிகவும் உதவியாக இருக்கிறது, நன்றி என்று எழுதியிருந்தார்கள். அன்றைக்கே அந்த வரியைச் சேர்த்துப் புதிய கோப்பை ஏற்றினார். இனிமேல் பயன்படுத்த வேண்டாம் என்று அவர்களுக்கும் எழுதினார். பதில் இல்லை.

"அந்த வரியை எடுக்க மாட்டேன். உங்க மேல ஒண்ணும் கோபமில்ல," என்று சொல்லி வாசல்வரை வந்தார்.

பேருந்தில் திரும்பி வரும்போது எனக்கு அவர் கதையைவிட ஒரு சொல்தான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. அப்போது நிபந்தனை போடவில்லை என்றாரே, அது. என் தொழில் புத்தி அப்படி. ஒருமுறை எல்லோருக்கும் என்று கொடுத்த உரிமத்தைப் பின்னால் திரும்பப் பெற முடியாது. புதிய கோப்புக்குப் புதிய நிபந்தனை போடலாம். ஏற்கெனவே கொடுத்த பழைய கோப்பு கொடுத்தபடியேதான் இருக்கும். அந்தப் பழைய கோப்பு எங்கேயாவது கிடைத்தால் அவருடைய அனுமதியே எங்களுக்குத் தேவையில்லை.

அன்று மாலை நண்பரிடம் சொன்னேன். அவர் வீட்டுப் பரணில் பழைய ஹார்டு டிஸ்க்குகள் ஒரு அட்டைப் பெட்டி நிறைய உண்டு. ஸ்டுடியோவில் கழித்துப் போட, அவர் எடுத்துவந்து பயன்படுத்தியவை. ஒரு வாரம் கழித்து அழைத்தார். கிடைத்துவிட்டது. அந்த அம்மாவின் இணையப் பக்கத்திலிருந்து நண்பர் இரண்டு முறை கோப்பை எடுத்திருக்கிறார். முதல் முறை எடுத்த பிரதியை மறந்தே போயிருந்தார். அதன் தலைப்பில் அந்த அம்மாவின் பெயருக்குக் கீழே இரண்டே வரிகள். இதை யாரும் எந்த நோக்கத்துக்கும் பயன்படுத்தலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம். நன்றாக இருந்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

இயங்குதளத்தின் தன்னார்வலருக்கு எழுதிக் கேட்டேன். பழைய பிரதி அந்த அம்மா எழுதியதுதான் என்பது தெளிவாக இருந்தால் போதும், எங்களுக்குத் தடையில்லை என்று பதில் வந்தது.

"அப்ப முடிஞ்சிச்சி. அனுப்பிச்சிடுக்கா," என்றார் நண்பர்.

அந்த அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அனுப்பலாம் என்றேன்.

"சொன்னா வேணாம்பாங்க. வேணாம்னாலும் நாம எடுக்கத்தான் போறோம். அப்புறம் இன்னாத்துக்குச் சொல்ற?"

நியாயமான கேள்வி. எனக்குப் பத்தில் ஏழு பொருத்தம் என்று சொல்லி ஒரே மாதத்தில் கல்யாணம் முடித்தார்கள். ஜாதகம் எனக்கு எந்தத் தொந்தரவும் செய்ததில்லை. அந்த அம்மாவுக்காகப் பரிந்துபேச எனக்குத் தனியாக ஒரு காரணமும் கிடையாது. அவர் வீட்டில் காப்பி குடித்தேன், அவர் சொன்னதிலிருந்துதான் வழியைக் கண்டுபிடித்தேன். அவருக்குத் தெரியாமல் செய்வது எனக்குச் சரியாகப் படவில்லை, அவ்வளவுதான். இரண்டு நாள் பொறுக்கச் சொன்னேன்.

வாரத்தில் மூன்று நாள் அந்த அம்மா தி. நகரில் ஒரு டியூஷன் சென்டரில் வகுப்பு எடுக்கிறார். என் அலுவலகத்திலிருந்து நடக்கிற தூரம். வகுப்புக்கு முன் பாண்டி பஜாரில் சந்திக்கலாம் என்றார். அங்கே நடைபாதையை அகலப்படுத்திப் பெஞ்சுகள் போட்டிருக்கிறார்கள் அல்லவா, அதில் ஒன்றில் உட்கார்ந்தோம். எதிரே நைட்டி விற்பவர் விலையைச் சொல்லிக்கொண்டே இருந்தார். நான் போனில் பழைய கோப்பைத் திறந்து அவர் கையில் கொடுத்தேன்.

கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு படித்தார். கீழே தள்ளித் தள்ளி, தலைப்பை மட்டுமல்ல, நிரலையே படித்தார்.

"என்னோடதுதான். அப்ப இப்படித்தான் எழுதுவேன்," என்றார்.

சட்டப்படி இதை நாங்கள் எடுத்துக்கொள்ள முடியும் என்பதையும், அவருக்குத் தெரியாமல் செய்ய விரும்பவில்லை என்பதையும் சொன்னேன். தயங்கித் தயங்கித்தான் சொன்னேன்.

"எடுத்துக்கோங்கோ. குடுத்தது குடுத்ததுதான். நான் சின்னவளா இருந்தப்போ குடுத்தேங்கறதுக்காக இல்லேன்னு ஆயிடாது."

இத்தனை சுலபமாக முடியும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நன்றி சொல்ல வாயெடுத்தேன். அவர் போனைத் திருப்பித் தரவில்லை.

"ஆனா இதுல ஒரு தப்பு இருக்கு. நீங்க பாத்தேளா?"

நான் பார்க்கவில்லை. அவர் காட்டினார். பூமி சூரியனை நெருங்கிப் போகும்போதும் விலகிப் போகும்போதும் நிலாவின் வேகம் கொஞ்சம் மாறுகிறது. அந்தத் திருத்தத்தை முதல் பிரதியில் விட்டுவிட்டார். வருடத்தில் பெரும்பாலான நாட்களில் பெரிய வித்தியாசம் வராது. பங்குனிக் கடைசியிலும் புரட்டாசியிலும் மட்டும் இருபது நிமிடம்வரை தவறும். நிலா எழும் நேரத்தைப் பார்க்கிறவர்களுக்கு அது பெரிதில்லை. ஒரு நட்சத்திரம் முடிந்து இன்னொன்று தொடங்கும் நேரம் என்றால் பெரிதுதான். அதைக் கண்டுபிடித்துத் திருத்தியது நிபந்தனை போட்ட பிரதியில். ஆகவே அந்தத் திருத்தம் எங்களுக்குக் கிடைக்காது. நான் அதை அவரிடம் விளக்கத் தேவையிருக்கவில்லை. அவருக்கே புரிந்திருந்தது.

"திருத்தினதுக்கு அப்பறம் நான் பொறந்த நேரத்தைத் திரும்பப் போட்டுப் பாத்தேன்," என்றார். பார்வை எதிர்க்கடையில் இருந்தது. "பூராடம்னு அப்பாகிட்ட சண்டை போட்டேனில்லையா? சரியா எல்லையில நிக்கறது. ஆஸ்பத்திரிக் கடிகாரம் ரெண்டு நிமிஷம் வேகமா இருந்தா மூலம். மெதுவா இருந்தா பூராடம். எதுன்னு யாராலயும் சொல்ல முடியாது. என்னாலயும் முடியாது."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"அப்போ அவர் இல்ல."

பள்ளிச் சீருடையில் இரண்டு பெண்கள் அவருக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்கள். மணியைப் பார்த்தார். போனை என்னிடம் கொடுத்தார்.

"இதை அப்படியே போட்டேள்னா, மூலத்துல பொறக்காதவளையும் மூலம்னு சொல்லும். சரியாப் போட்டா, மூலத்துல பொறந்தவளை மட்டும் சொல்லும். அவ்வளவுதான் வித்தியாசம்." எழுந்து பையை மாட்டிக்கொண்டார். "கொஞ்ச நாள் குடுங்கோ" என்றவர், எதற்கு என்று சொல்லவில்லை.

நண்பரிடம் காத்திருக்கச் சொன்னேன். அவருக்குப் பிடிக்கவில்லை. பழைய பிரதியை இப்போது அனுப்பிவிட்டு, தவறைப் பிறகு நாமே பாடப் புத்தகம் பார்த்துச் சரிசெய்துகொள்ளலாம் என்றார். அதுவும் சரியான யோசனைதான். நிலாவைப் பற்றிய திருத்தம் யாருடைய சொத்தும் அல்ல. எந்த வானியல் புத்தகத்திலும் இருக்கிறது. அதை அந்த அம்மா எழுதிய விதத்துக்குத்தான் உரிமை உண்டு. நண்பர் புத்தகத்தைத் தேடவும் தொடங்கினார். நான் அவரைத் தடுக்கவில்லை. ஆனால் எதையும் அனுப்பவும் இல்லை. அலுவலகத்தில் அப்போது ஒரு பரிசோதனை நிலையத்துக்கு ஒரே நோயாளிக்கு இரண்டு பில் போகிற கோளாறு. நான் அதில் மூழ்கியிருந்தேன். இயங்குதளத் தன்னார்வலர் ஒருமுறை நினைவூட்டினார். பேசிக்கொண்டிருக்கிறோம் என்று பதில் போட்டேன்.

மழை தொடங்கிய பிறகு ஒரு நாள் அந்த அம்மாவிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. செய்தி எதுவும் இல்லை. இணைப்பில் ஒரு கோப்பு. திருத்தங்கள் எல்லாம் அடங்கிய புதிய பிரதி. தலைப்பில் அவருடைய பெயர், அதற்குக் கீழே எங்கள் காலண்டருக்கு நாங்கள் வைத்திருக்கும் அதே உரிமத்தின் வரிகள். ஜாதகம் பற்றிய வரி இல்லை. வேண்டுகோளும் இல்லை.

உடனே அழைத்தேன். நிச்சயமாகத்தான் கொடுக்கிறீர்களா என்று கேட்டேன். கொடுத்த பிறகு திரும்பப் பெற முடியாது என்பதை இந்த முறை நானே சொன்னேன்.

"தெரியும். அதான் இத்தனை நாள் ஆச்சு." அந்த ஜாதக நிறுவனம் இன்றுவரை பழைய பிரதியைத்தான் வைத்திருக்கிறது, பங்குனியில் பிறந்த ஒருவருக்குப் போட்டுப் பார்த்தேன், இருபது நிமிஷம் தப்பாகவே வருகிறது என்றார். "அந்த வரி ஒருத்தரையும் நிறுத்தலை. என் பேரைப் போட்டுண்டு தப்பான நிலா சுத்திண்டிருக்கு. அது எனக்குப் பிடிக்கலை."

கோப்பை மாற்றி அனுப்பினோம். சில நாட்களில் தன்னார்வலரிடமிருந்து ஒரு வரி வந்தது. கேள்விகள் தீர்ந்தன, நிரல் சேர்க்கப்பட்டது, நன்றி. அவரோடு எங்கள் பரிச்சயம் அத்தோடு முடிந்தது. நண்பர் கோடம்பாக்கம் டீக்கடையில் எனக்கு ஒரு பன் வாங்கிக் கொடுத்தார்.

அந்த அம்மா எங்களை விடவில்லை. அதன் பிறகு நிலா தொடர்பாக யாராவது எங்கள் நிரலில் குறை சொல்லி எழுதினால் அவரே பதில் எழுத ஆரம்பித்தார். நாங்கள் கேட்கவில்லை. சுருக்கமாக, ஒரு டியூஷன் வாத்தியாரின் கறாரோடு எழுதுவார். பிறகு ஒரு நாள் ஒரு மாற்றம் எழுதி அனுப்பினார். ஒரு நட்சத்திரம் முடிந்து அடுத்தது தொடங்குகிற நேரத்துக்குச் சில நிமிடங்கள் முன்னும் பின்னும், நிரல் ஒரு நட்சத்திரத்தைச் சொல்லாமல் இரண்டையும் சொல்லும். மூலம் அல்லது பூராடம் என்று காட்டும். கடிகாரங்கள் அந்த அளவுக்குத் துல்லியம் அல்ல என்று காரணம் எழுதியிருந்தார்.

நண்பர் தலையைச் சொறிந்தார். "ஒண்ணு கேட்டா ரெண்டு சொன்னா ஜனங்க இன்னாக்கா பண்ணுவாங்க?"

நானும் அதைத்தான் யோசித்தேன். அந்த அம்மாவின் கதை எனக்குத் தெரியும் என்பதால் ஏற்றுக்கொள்கிறேனா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். கதையை ஒதுக்கிவிட்டுப் பார்த்தேன். பரிசோதனை நிலையங்களின் அறிக்கையில் ஒரு அளவு எல்லையை ஒட்டி வந்தால், இயல்பு என்றோ இயல்பில்லை என்றோ சொல்லாமல் எல்லையில் என்று போடுவோம். டாக்டர்கள் அதைத்தான் கேட்பார்கள். இதுவும் அந்த மாதிரிதான் என்று நண்பரிடம் சொன்னேன். அரைமனதாக ஒப்புக்கொண்டார். சேர்த்தோம்.

குறைகள் வந்தன. ஒருவர் குழந்தைக்குப் பெயர் வைக்க வேண்டும், எந்த எழுத்து என்று எப்படிப் பார்ப்பது என்று கேட்டார். இன்னொருவர் கோபமாக, தெரியவில்லை என்றால் எதற்கு நிரல் எழுதுகிறீர்கள் என்றார். அந்த அம்மா இருவருக்கும் ஒரே பதிலை எழுதினார். பிறந்த நேரம் நிமிடத்துக்குச் சரியாகத் தெரியுமா, தெரிந்தால் அந்தக் கடிகாரம் சரியாக ஓடியதா.

சமீபத்தில் ஒரு கைபேசிச் செயலி வந்திருப்பதை நண்பர் காட்டினார். திருமணப் பொருத்தம் பார்க்கும் செயலி. எங்கள் நிரலை எடுத்து உள்ளே வைத்திருக்கிறார்கள். உரிமம் சொன்னபடி எங்கள் மூவரின் பெயரையும் போட்டிருக்கிறார்கள், மாற்றியதையும் வெளியிட்டிருக்கிறார்கள். மாற்றியது முக்கியமாக ஒன்றுதான். இரண்டு நட்சத்திரம் காட்டுகிற பகுதியை எடுத்துவிட்டு, எப்போதும் ஒன்றையே காட்டும்படி செய்திருந்தார்கள். அதைச் செய்ய அவர்களுக்கு முழு உரிமை உண்டு. அந்த உரிமையைக் கொடுக்கத்தான் நாங்கள் அந்த அம்மாவை அத்தனை தூரம் துரத்தினோம்.

அவரை அழைத்துச் சொன்னேன். அவர் எங்களுக்கு முன்பே பார்த்துவிட்டிருந்தார்.

"நீங்க ஏதாவது எழுதினீங்களா?" என்றேன்.

"எழுதினேன். வெளிநாட்டுல பொறந்தவாளுக்கு நேரத்தை மாத்தறதுல ஒரு எடத்துல கூட்டறதுக்குப் பதிலாக் கழிச்சிருக்கா. சிங்கப்பூர்ல பொறந்தவாளுக்கெல்லாம் தப்பா வரும். அதை மட்டும் சொன்னேன். சரி பண்ணிட்டா. தேங்க்ஸ் சொல்லி எழுதியிருந்தா."

இந்த முறை பதிலாவது போட்டார்களே என்றேன். ஆமாம் என்றார். பிறகு, தி. நகர் வகுப்பை விட்டுவிடலாம் என்று இருக்கிறேன், மெட்ரோவுக்காகத் தோண்டிப் போட்டதில் அடையாறிலிருந்து போய்வருவதற்கே பாதி நாள் போய்விடுகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.